சேணத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் குதிரை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பெண் குதிரைக்கு ஒன்பது வயது. தரையில் நின்று பழக்கும்போது தங்கமாக நடந்துகொள்வாள். கயிற்றை லேசாக இழுத்தாலே போதும், ஓரடி எடுத்து வைப்பாள். அதே நொடியில் நான் தளர்த்திவிடுவேன். அழுத்தம் விலகும் அந்த நொடியில்தானே குதிரை பாடம் படிக்கிறது.

சிக்கல் சேணத்தில். அதைப் பார்த்ததுமே காதுகள் பின்னால் மடிகின்றன, வாலைச் சுழற்றுகிறாள், வயிற்றுப் பட்டையை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறாள். "எல்லாம் அடம், இரண்டு போடு போட்டால் சரியாகும்" என்கிறார்கள் லாயத்தில் சிலர். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கால்நடை மருத்துவர் முதுகையும் பல்லையும் பார்த்துவிட்டார், கோளாறு இல்லை. இரைப்பையில் புண் இருந்தாலும் பட்டை இறுக்கும்போது இப்படிச் செய்யுமாம், அதனால் எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்திருக்கிறோம். சேணம் முதுகில் சரியாகப் பொருந்துகிறதா என்றும் விவரம் தெரிந்த ஆளை வைத்துப் பார்க்க வேண்டும்.

என் கேள்வி அதற்கு அப்புறம். வலி தீர்ந்தாலும் பயம் தங்கிவிடுமே, அதை எப்படிப் போக்குவது? சேணத்தை அவள் கண்ணில் படும்படி சற்றுத் தூரத்தில் வைத்துவிட்டு, அவள் தலையைத் தாழ்த்தி மூச்சை விடும்போது ஒரு துண்டு கேரட் கொடுக்கலாமா? தீனி காட்டிப் பழக்கினால் சட்டைப்பையை மோப்பம் பிடித்துக் கையைக் கவ்வுமோ? கிளிக்கர் (சரியாகச் செய்த நொடியில் 'கிளிக்' என்று ஒலி எழுப்பி, பிறகு தீனி கொடுக்கப் பயன்படும் சிறு கருவி) வைத்துப் பழக்கியவர்கள் எந்த வரிசையில் போனீர்கள் என்று சொல்லுங்கள். அதுவரை ஏறிச் சவாரி செய்யப்போவதில்லை, ஆற அமர யோசித்தே பதில் போடுங்கள்.