ஃபோல்டபிள் போனுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

பாளையங்கோட்டையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி மாணவர் இதழுக்காக, ஃபோல்டபிள் போன் வாங்கலாமா என்று ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மடிப்பேசி' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த மாணவி, "மடிக்கணினி மாதிரி மடியில் வைத்துப் பேசுவதா மேடம்?" என்று கேட்டுவிட்டாள். என்ன செய்ய?

பேட்டையிலிருந்து:
தங்கச்சி, அந்தப் பிள்ளை கேட்டது சரிதான். நடுவில் நிற்கிற 'ப்'தான் குற்றவாளி. ஒற்று மிகுந்தால் மடி பெயர்ச்சொல். 'மடிபேசி' என்று எழுதினால் வினைத்தொகை, சுடுசோறு மாதிரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆனாலும் வேர் ஒன்றுதான். வேட்டியை மடித்துச் செருகுகிற இடம் மடி. உட்கார்ந்தால் உடம்பு மடிகிற இடமும் மடி. சோம்பலும் மடி, வள்ளுவர் 61-ஆவது அதிகாரத்தையே அதற்கு ஒதுக்கிவிட்டார். பசுவின் மடி எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு எழுதுகிறேன்.

டவுணிலிருந்து:
அண்ணாச்சி, பசு கிடக்கட்டும். வினைத்தொகை என்றால் முக்காலமும் விரியணுமே? மடிகிற பேசி, மடியும் பேசி, சரி. மடிந்த பேசி? என் ரிப்பேர் கடைக்கு வருவதெல்லாம் அந்த இறந்தகாலம்தான். போன மாதம் திசையன்விளைக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். திறந்தால் தேரி மணல் (அந்தப் பக்கத்துச் செம்மணல் மேட்டுப் பொடிமணல்), உள்திரையில் நட்டநடுவே கறுப்புக்கோடு. திரை மாற்ற ஆகும் செலவைச் சொன்னதும் மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டுரையில் 'வாங்காதீங்க' என்று எழுதுங்கள் அக்கா, பெயரை அப்புறம் பார்க்கலாம். பெயர்தான் வேண்டும் என்றால், மடக்குக் கத்தி இருக்கிறது, மடக்குக் கட்டில் இருக்கிறது. மடக்கு போன்.

தென்காசியிலிருந்து:
'போன்' என்று முடிகிற சொல்லுக்கு இத்தனை பேர் கூட வேண்டுமா ஐயா? புத்தகம் போல் விரிவதை ஏட்டுப்பேசி என்போம். குறுக்கே மடிந்து உள்ளங்கையில் அடங்குவதைச் சிமிழ்ப்பேசி என்போம். குங்குமச் சிமிழ் தெரியாத தமிழர் உண்டா?

டவுணிலிருந்து:
கடையில் வந்து "சிமிழ்ப்பேசி இருக்கா" என்று ஒரு ஆள் கேட்கட்டும், நான் மீசையை எடுத்துக்கிறேன்.

பத்தமடையிலிருந்து:
நான் தமிழ் படித்தவன் இல்லை, மெக்கானிக்கல். ஒன்று மட்டும் சொல்கிறேன். துணியை மடிக்கிறோம், காகிதத்தை மடிக்கிறோம். கத்தியை, குடையை, முழங்காலை மடக்குகிறோம். மூட்டு இருந்தால் மடக்கு, பொருளே வளைந்தால் மடி. இந்தப் போனில் இரண்டும் நடக்கிறது. உடம்பு கீலில் மடங்குகிறது, திரை துணி மாதிரி மடிகிறது. எங்கள் ஊர்ப் பட்டுப்பாயைத் துணிபோல மடிக்கலாம். சாதாக் கோரைப்பாயை மடித்தால் தடம் விழுந்துவிடும், சுருட்டத்தான் வேண்டும். இந்தத் திரை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மடியும், தடமும் தெரியும்.

2019-இல் சாம்சங்கின் முதல் ஃபோல்டை விமர்சனத்துக்கு வாங்கிய சிலர், மேலே இருந்த படலத்தை ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்தார்கள். திரை போயிற்று. ஏப்ரலில் வரவேண்டியது செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அந்தப் படலம் திரையின் பாகம். அதனால் திரைக்குத் தனிப்பெயர் வேண்டும்: மடிதிரை. போனுக்கு மடக்குபேசி. 2024-இல் வந்த ஃபோல்டு 6-க்குத் தூசு, தண்ணீர் தடுப்புக்கான தரச்சான்று ஐபி 48. அதில் 4 என்பது ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளைத்தான் தடுக்கும். தேரி மணல் அதைவிடப் பொடி. விலை 1,64,999 ரூபாயில் தொடங்கியது. பெரிய திரையில் தினமும் கணக்கோ வரைபடமோ பார்க்கிறவர் வாங்கலாம். நான் வாங்கவில்லை.

தென்காசியிலிருந்து:
2004-இல் வந்த மோட்டோரோலா ரேசரும் மடக்கினதுதானே? அதுவும் மடக்குபேசி என்றால் புதியதற்கு என்ன தனிச்சிறப்பு?

பத்தமடையிலிருந்து:
அதில் திரை மடியாது. வேண்டுமானால் 'மடிதிரைப்பேசி' என்று வையுங்கள். நீளம், ஆனால் பொய் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:
மணி பதினொன்று. 'மடக்குபேசி' என்றே அனுப்பிவிட்டேன், திரை வருமிடத்தில் 'மடிதிரை'. தேரி மணலையும் ஒரு வரி சேர்த்தேன். தலைப்பை மட்டும் இதழாசிரியர் 'ஃபோல்டு போன் வாங்கலாமா?' என்று மாற்றிவிட்டார். எல்லாருக்கும் நன்றி.

தென்காசியிலிருந்து:
என் எழுத்தில் சிமிழ்ப்பேசிதான். பதிவு செய்துகொள்ளவும்.

பேட்டையிலிருந்து:
தங்கச்சி, இப்போதுதான் பார்த்தேன். மடக்குக் கத்தியில் 'க்' இருக்கிறதே? அப்படியானால் இதுவும் மடக்குப்பேசிதானே, 'ப்' எங்கே போயிற்று? அச்சுக்கூடத்துக்கு இப்போது போன் போட முடியுமா?