புதுப்பிப்பு: செயின் செட் மாற்றியும் போகாத ‘டக்’ சத்தம் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: என் பைக்கில் 520 அளவு செயின், அது ஓடும் முன், பின் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட், மூன்றும் புதுசு. ஆனாலும் நத்தம் மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் ‘டக்’கென்று ஒரு வெட்டு.

பலர் வேறு செயின் செட் போடச் சொன்னீர்கள். தேவைப்படவில்லை. பைக்கின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் சரி. கையாலேயே ஆடியது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றினால், ஸ்ப்ராக்கெட்டின் இழுப்பு சக்கரத்தில் வெட்டாமல் தாங்கும் கப்ளிங் ரப்பர் துண்டுகள் ஓரமெல்லாம் நசுங்கி, குழிக்குள் கறுப்புத் தூள். முழு செட்டாகவே மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் மொத்த இழுப்பும் புதுசின் மேலேயே விழும். புது ரப்பர் உள்ளே போக இறுக்கமாக இருக்கிறதென்று கிரீஸ் தடவ வேண்டாம், ரப்பர் ஊறிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

எதிர்பாராதது, பின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கேரியருக்குள் இருக்கும் பேரிங். விரலை விட்டுச் சுற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. கடையில் பைக் பெயரைச் சொல்லாமல், பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கடைசியில் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். நம்மூர்ப் புழுதிக்கு அதுதான் வேண்டும். உள்ளே இடைவெளியைக் காக்கும் குழாயான ஸ்பேசரை மறந்து ஆக்ஸிலை (சக்கர அச்சு) இறுக்கினால் புதுப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

செயின் தளர்வைச் சக்கரத்தைச் சுற்றி, அதிகம் இறுகும் இடத்தில் வைத்து அளந்தேன். மேலூர் வரை போய் வந்தாயிற்று, வெட்டு இல்லை.