துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கணுமா?

பந்திங் பேத்தி:
வணக்கம். மலேசியாவில் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில்தான், என் பாட்டி பிறந்தார். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்பது, ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் சொல்வார். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளணும் என்பாரே, அது நிஜமா? தாத்தா அதை நினைத்துக் கடைசிவரை கொதித்தார்.

கிள்ளான்காரன்:
நிஜம்தான்மா. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளிலேயே அது இருக்கிறது: துரைக்கும் கிராணிக்கும் (தோட்டத்துக் கணக்கருக்கும்) முன்னால் சைக்கிளில் போக உரிமை. அதோடு சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம், பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, வைத்தியம், கள்ளுக்கடையை மூடுவது. கள்ளுக்கடையை மூடச் சொல்லிக் கூலிகளே கேட்டார்கள் என்பதை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ளணும். தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதனை மே மாதம் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, ஆள் செத்தது.

பந்திங் பேத்தி:
படிக்கும்போதே கை நடுங்குதுங்க அண்ணா. சம்பளத்தைவிட அந்த சைக்கிள்தான் தாத்தாவுக்கு வலித்திருக்கு.

தோட்டத்து ஆசிரியை:
தங்கச்சி, பாட்டி பேசுவதை இன்றே கைப்பேசியில் பதிவு செய். எங்கள் லயத்தை இடித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டுவிட்டார்கள்; கோயில் மட்டும் நிற்கிறது. என் அம்மாவிடம் நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.