குடல் அறுவைக்குப் பிறகு என்ன சாப்பிடுவது: மற்ற நோயாளிகள் சொன்னது உங்களுக்குப் பொருந்தியதா?

தொடங்குபவர் (இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலின் முனையை வயிற்றில் திறந்து கழிவைப் பையில் சேர்ப்பது; பெருங்குடல் முழுவதும் எடுக்கப்பட்டது)

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் எழும் கேள்வி சாப்பாடுதான். டிஸ்சார்ஜ் தாளில் 'எளிதில் செரிக்கும் உணவு' என்று ஒரு வரி இருக்கும். மீதியை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் உள்ள மற்ற நோயாளிகள் சொல்லித் தருகிறார்கள். அதில் எது உதவியது, எது உபத்திரவமானது என்று எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பை நிரம்பி வழிந்த ஆரம்ப வாரங்களில், "நீர்ச்சத்து போயிடும், தண்ணி நிறைய குடிங்க" என்று எல்லோரும் அக்கறையோடு சொன்னார்கள். குடிக்கக் குடிக்கப் பை இன்னும் வேகமாக நிரம்பியது. நாக்கு வறண்டது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, எழுந்து நின்றால் கண் இருட்டியது. மருத்துவமனையில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். காரணத்தை அங்கேதான் விளக்கினார்கள். நீரையும் உப்பையும் கடைசியாக உறிஞ்சி எடுப்பது பெருங்குடல். அது இல்லாமல் வெளியேற்றமும் அதிகமாக இருக்கும்போது வெறும் தண்ணீரை அதிகம் குடித்தால், உடம்பிலிருக்கும் உப்பு குடலுக்குள் இறங்கி, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பைக்குப் போய்விடுகிறது. ஒரு நாளில் 1,500 மில்லிக்கு மேல் போனால் பொதுவாக அதை அதிக வெளியேற்றம் என்கிறார்கள்.

வெறும் தண்ணீரையும் பழச்சாற்றையும் குறைக்கச் சொன்னார்கள். பதிலுக்கு 1 லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம் கலந்து நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சாப்பிடுவதற்கு அரை மணி முன், வெளியேற்றத்தைக் குறைக்கும் லோபரமைடு. கால் இழுப்பு நின்றது. இது எனக்கு எழுதிக் கொடுத்த அளவு. இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

தண்ணீர் குடிக்கச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெருங்குடல் மிச்சமிருப்பவருக்கு அது நல்ல அறிவுரைதான். யாருக்கு என்பது மட்டும் அதில் இல்லை.

மறுமொழி (அப்பாவுக்குக் கொலாஸ்டமி, அதாவது பெருங்குடலை வயிற்றில் திறந்து வைப்பது)

அக்கா, எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிராக நடந்தது. 'ஸ்டோமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டியவை' என்று ஒரு படம் ஃபார்வர்டாக வந்தது. ஸ்டோமா என்றால் வயிற்றில் வைக்கும் அந்தத் திறப்பு. முழுதானியம், பச்சைக் காய்கறி, தோலோடு பழம், பருப்பு எல்லாம் அதில் இருந்தன. அப்பா அத்தனையையும் நிறுத்திவிட்டார். அவருக்கு ஸ்டோமா இடது பக்கம், பெருங்குடலில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. கொஞ்ச நாளில் மலம் கல்லாக இறுகி, வயிறு உப்பி, சாப்பாடே வேண்டாம் என்றார்.

ஸ்டோமா செவிலியரிடம் அந்தப் படத்தைக் காட்டினோம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அடியில் ஒரு வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. வேறொருவரிடம் இருந்த முழுப் படத்தைத் தேடி எடுத்தபோதுதான் தெரிந்தது: 'இலியோஸ்டமி, முதல் 8 வாரம்'. அந்த ஒரு வரி போனதால் வந்த வினை. நார்ச்சத்தையும் தண்ணீரையும் படிப்படியாகக் கூட்டினோம், சரியாகிவிட்டது.

மறுமொழி (இலியோஸ்டமி)

எனக்குக் காளான். "ரெண்டு மாசம் தாண்டியாச்சுன்னா எதை வேணும்னாலும் சாப்பிடலாம்" என்று எழுதியிருந்தார்கள். ராத்திரி முழுக்கப் பையில் எதுவும் விழவில்லை. வயிறு முறுக்கி முறுக்கி வலித்தது, அப்புறம் வாந்தி. வலியோடு எழுதிக் கேட்டபோது ஒருவர் மலமிளக்கி எடுக்கச் சொன்னார், இன்னொருவர் காலை வரை பொறுக்கச் சொன்னார். ஒரே ஒருவர், "வாந்தி வந்துட்டா வீட்டில் இருக்காதீங்க, இப்பவே கிளம்புங்க" என்று எழுதினார். கிளம்பினோம். குடல் அடைப்பு. அறுவை இல்லாமல் தீர்ந்தது. காளான், மக்காச்சோளம், கொட்டை வகை, உலர்பழம் இவையெல்லாம் சிறுகுடலில் முழுசாகக் கரையாது. இப்போதும் சாப்பிடுகிறேன், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் நன்றாக மென்று.

மறுமொழி (குரோன் நோய் என்ற குடல் அழற்சி, சிறுகுடலின் கடைசிப் பகுதி எடுக்கப்பட்டது)

எனக்குப் பை கிடையாது. ஓயாத வயிற்றுப்போக்குதான். பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து என்று ஆளாளுக்குச் சொல்ல, தட்டில் எதுவும் மிஞ்சவில்லை, எடை மளமளவென்று இறங்கியது. காரணம் பித்த உப்பு, கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் சுரப்பது. அதைத் திரும்ப உறிஞ்சும் இடமே எனக்கு வெட்டிய பகுதிதான். அது பெருங்குடலுக்குள் இறங்கிப் பேதியைக் கிளப்புகிறது. கொலஸ்டிரமின் தூள் கொடுத்ததும் அடங்கியது. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான், எனவே எனக்கு ஊசி. எந்த உணவைச் சாப்பிட்டாலும் அந்தக் குறை தீராது.

மறுமொழி (மலக்குடல் புற்றுநோய், ஸ்டோமா மூடப்பட்டது)

குழுக்களைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். ஸ்டோமாவை மூடிய பிறகு ஒரு மணி நேரத்தில் பலமுறை கழிவறைக்கு ஓடினேன். வெளியே போகவே பயம். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒரு அண்ணன்தான் இதற்கு லார்ஸ் என்று பெயர் உண்டு, மலக்குடலைத் தாழ்வாக வெட்டியவர்கள் பலருக்கும் வரும், மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றார். சாப்பிட்டது, நேரம், என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுதிவைக்கச் சொன்னதும் அவரே. எந்த உணவையும் அவர் விலக்கச் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன்: இரவில் தாமதமாகச் சாப்பிட்டால்தான் மறுநாள் படுத்துகிறது.

கேள்வி (மனைவிக்கு விரைவில் அறுவை)

இதையெல்லாம் படித்தபின் எதை நம்புவது என்று குழப்பமாக இருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு முன் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

தொடங்குபவர்

எந்தப் பகுதியை எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள் சார். படமாக வரைந்து தந்தால் இன்னும் நல்லது. பிறகு யாராவது உணவு அறிவுரை சொன்னால், உங்களுக்கு எந்த இடத்தில் வெட்டினார்கள், எத்தனை நாள் ஆயிற்று என்று அவரைக் கேட்டு அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவந்தாலும் உணவு ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஸ்டோமா செவிலியர்

அதோடு மாத்திரைகளையும் கேளுங்கள். இலியோஸ்டமி என்றால், மெதுவாகக் கரையும் மாத்திரைகள் கரையாமலே பையில் வந்து விழலாம். அப்படிப் பார்த்தால் அதை ஒரு படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், வேறு வடிவத்தில் மாற்றித் தருவார்.