எஸ்பிரெஸோ 9 வினாடியில் ஓடிவிடுகிறது: கிரைண்டர் பிரச்சினையா, கொட்டையா?

செம்பனைக்காடு (பெஸ்தாரி ஜெயா)

வணக்கம். மெஷின் 51 மிமீ போர்ட்டாஃபில்டர் (தூள் போடும் கைப்பிடிக் கரண்டி), 15 பார் அழுத்தப் பம்ப், தெர்மோபிளாக் (தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும் கட்டை). கூட வந்த இரட்டைச் சுவர் பாஸ்கெட்டை (தூள் நிற்கும் துளையிட்ட கிண்ணம்) கழற்றிவிட்டு ஒற்றைச் சுவர் பாஸ்கெட் போட்டிருக்கிறேன். 14 கிராம் தூளுக்கு 28 கிராம் கோப்பி 9 வினாடியில் கொட்டிவிடுகிறது. வெளிறிப்போய் வருகிறது, ஒரே புளிப்பு. தூள் கடைத்தெருவில் வாங்கியது, துணி வடிகட்டிக்கு அரைக்கிற பதம். எவ்வளவு அழுத்தி டேம்ப் செய்தாலும் மாற்றமில்லை.

500 ரிங்கிட்டுக்குள் கிரைண்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். கையால் சுற்றுவதா, கரண்டில் ஓடுவதா? ஒட்டுக்கடையில் (தெருவோரச் சாப்பாட்டுக் கடை) விற்கிற கோப்பிக் கொட்டையையே வாங்கி அரைக்கலாமா?

பித்தளைக்குவளை

மெஷினில் குறை இல்லை தம்பி. இரட்டைச் சுவர் பாஸ்கெட்டின் அடியில் ஒரே ஒரு ஊசித்துளைதான் இருக்கும். எந்தத் தூளைப் போட்டாலும் அந்தத் துளையே தண்ணீரைத் தடுத்து நுரை கிளப்பிவிடும். ஒற்றைச் சுவரில் தடுப்பது தூள் மட்டும்தான். துணி வடிகட்டிப் பதம் அதற்கு மணல் மாதிரி.

டேம்பரை எவ்வளவு அழுத்தினாலும் ஏன் பயனில்லை என்றால், 51 மிமீ வட்டத்தின் மேல் 9 பார் என்பது 180 கிலோவுக்கு மேற்பட்ட பாரம். அதற்கு முன்னால் கையழுத்தம் எம்மாத்திரம்? தூள் மட்டமாக, இறுக்கமாக அமர்ந்தால் போதும். வேகத்தைக் குறைக்க நைசாக அரைப்பதுதான் வழி.

500 ரிங்கிட்டுக்குக் கை கிரைண்டர்தான் நல்லது. இந்த விலையில் வரும் கரண்டு கிரைண்டர்களில் எஸ்பிரெஸோவுக்கு வேண்டிய நுணுக்கம் பெரும்பாலும் இருக்காது. வாங்கும்போது பதத்தை மாற்றும் வளையத்தைத் திருப்பினால் ஒரு கிளிக்குக்கு அரைக்கும் பல் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்கிறது என்று பாருங்கள். கிங்ரைண்டர் கே6-இல் 16 மைக்ரான், ஒன்ஸீபிரெஸோ ஜேஎக்ஸ்-ப்ரோவில் 12.5. 30 மைக்ரான் நகர்கிற கிரைண்டரில் ஒரு கிளிக்கில் வேகமாக ஓடிவிடும், அடுத்த கிளிக்கில் ரொம்ப மெதுவாகிவிடும். நடுவில் நிற்க இடமே கிடைக்காது.

கறுப்புக்கோப்பி_ஓ

கொட்டைக்கு நான் பதில் சொல்கிறேன். ஒட்டுக்கடைக் கொட்டையைத் தயவுசெய்து கிரைண்டரில் போடாதீர்கள். அது பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்தது. பார்த்தாலே தெரியும்: கரிக்கறுப்பாகக் கண்ணாடி போல மினுங்கும், இரண்டு மூன்று கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், விரலில் பிசுக்கு ஏறும். துணியில் வடித்துக் குடிக்க அதன் மணமே தனி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரைக்கிற சூட்டில் அந்தச் சீனிப்பூச்சு இளகிப் பற்களின் இடுக்கில் போய் அப்பிக்கொள்ளும், ஆறினால் இறுகிவிடும். பிறகு தூள் ஒரே அளவில் விழாது, பாஸ்கெட் துளையும் அடைபடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் உள்பல்லைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் இரும்புப் பல் துருப்பிடிக்கும். சுத்தம் செய்யப் பச்சரிசி போட்டுச் சுற்றுகிற வேலையும் வேண்டாம்.

சீனி சேராமல் வறுத்த கொட்டையை கோலாலம்பூர் வறுப்பகங்களிலிருந்து கூரியரில் வரவழைக்கலாம். பையில் வறுத்த தேதி இருக்கவேண்டும். வறுத்து 7 முதல் 14 நாள் கழித்துத் தொடங்குங்கள். அதற்கு முன் கரியமில வாயு நிறைய இருப்பதால் நுரை பொங்கும், ஓட்டம் நிலையாக இருக்காது. முதல் கொட்டை நடுத்தர வறுவலாக இருக்கட்டும், இளவறுவலை இந்த மெஷினில் சரிக்கட்டுவது கடினம். நம் ஊர் ஈரக்காற்றில் பையைத் திறந்து வைக்கக் கூடாது. 14 கிராம் 14 கிராமாகச் சின்னப் புட்டிகளில் அடைத்து ஃப்ரீஸரில் வையுங்கள், எடுத்ததும் அப்படியே அரைக்கலாம்.

செம்பனைக்காடு

நன்றி அண்ணே. கே6 வந்துவிட்டது, நடுத்தர வறுவல் கொட்டை வறுத்து 10 நாள். இப்போது 14 கிராமுக்கு 28 கிராம் வர 38 வினாடி. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு ஒரு பக்கம் மட்டும் பீறிட்டு வருகிறது. கசப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது.

பித்தளைக்குவளை

இரண்டும் சேர்ந்து வந்தால் அது சேனலிங். தண்ணீர் ஒரு பொத்தலைக் கண்டுபிடித்து அதன் வழியே ஓடுகிறது. அந்த இடத்துத் தூள் சாறு முழுக்க இழந்து கசக்கிறது, மற்ற இடம் சரியாக ஊறாமல் புளிக்கிறது. வினாடிக் கணக்கை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

கிளிக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். நைசாக அரைத்த தூளில் கட்டி விழும். மெல்லிய ஊசி நாலைந்தை ஒரு கார்க்கில் குத்தி, பாஸ்கெட்டின் அடிவரைக்கும் விட்டு வட்டமாகக் கிளறுங்கள். மேலே மட்டும் கீறினால் அடியில் கட்டி அப்படியே இருக்கும். போர்ட்டாஃபில்டரைத் தட்டிச் சமப்படுத்தி, டேம்பரை நேராக இறக்குங்கள். அது ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் அந்தப் பக்கமே போகும். காலிப் போர்ட்டாஃபில்டரோடு ஒரு ஷாட் (ஒரு கோப்பி அளவு) தண்ணீர் ஓடவிட்டுச் சூடாக்கி, உலரத் துடைத்த பிறகே தூள் போடுங்கள். தெர்மோபிளாக்குக்கு இது அவசியம்.

ஓட்டம் நடுவில் ஒரே நூலாகச் சேர்ந்த பிறகும் 32 வினாடிக்கு மேல் போனால் ஒரு கிளிக் கரடாக்குங்கள். எடையை மாற்றாதீர்கள்.

கறுப்புக்கோப்பி_ஓ

கொட்டை பழசாக ஆக ஓட்டம் வேகமாகும், அப்போது அதே கிளிக்கைத் திரும்ப நைசுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பிறகு ஜொகூர் லிபெரிகாவையும் முயன்று பாருங்கள், சீனி சேராத வறுவலாக. ரப்பர் வருவதற்கு முன்னால் சிலாங்கூர்த் தோட்டங்களில் நட்டதும் இந்த இனம்தான். பலாச்சுளை வாசம் தூக்கலாக இருக்கும். கொட்டை பெரிசு, கை கிரைண்டரில் சிக்கும். சிக்கினால் பலவந்தமாகச் சுற்றாமல் கைப்பிடியைப் பின்னால் அரைச் சுற்று சுற்றிவிட்டுத் தொடருங்கள்.