மனையைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்துவிட்டு விற்பதா, அப்பாவே விற்பதா? (ஏப்ரல் 2026 புதுச் சட்டம்)

கேள்வி:
அப்பாவுக்கு 76 வயது. 1989-ல் திருச்சியில் வாங்கிய 2,000 சதுர அடி காலி மனை அவர் பெயரில் இருக்கு. இப்போ 40 லட்சத்துக்கு ஆள் வந்திருக்கு. பணம் எனக்கும் அக்காவுக்கும் சரிபாதி. அக்கா சிங்கப்பூரில், என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்). ஏப்ரல் 1-ல் புது வருமான வரிச் சட்டம் வருது, அதுக்குள்ள எங்க ரெண்டு பேர் பேருக்கும் செட்டில்மென்ட் (விற்காமல் குடும்பத்துக்குள் சொத்தை எழுதித் தரும் பத்திரம்) எழுதிடுங்கன்னு பத்திரம் எழுதுறவர் சொல்றார். சரியா?

பதில் 1:
எழுதாதீங்க. புதுச் சட்டத்தில் பிரிவு எண்கள்தான் மாறுது, மனை விற்ற லாபத்துக்கான வரி விகிதம் அப்படியேதான். வாரிசு வரியும் கிடையாது; எஸ்டேட் டியூட்டி 1985-லேயே போயாச்சு.

நீங்க பார்க்க வேண்டியது 2024 ஜூலை 23 மாற்றம். அதுக்கு முன்னாடி வாங்கிய மனைக்கு, இந்தியாவில் குடியிருப்பவர் இன்டெக்சேஷன் (வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூட்டிக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5%, இன்டெக்சேஷனோடு 20%, இதில் எது குறைவோ அதைக் கட்டலாம். என்ஆர்ஐக்கு இந்தச் சலுகை இல்லை, நேராக 12.5% தான்; அக்கா பேருக்கு எழுதினால் அவங்க பாதிக்கு இதுதான்.

1989 விலைக்குப் பதிலாக அடக்க விலையா எடுத்துக்கொள்ளும் 2001 ஏப்ரல் 1 மதிப்பு 8 லட்சம்னு வைங்க. 2026 மார்ச் 31-க்குள் விற்றால் விலைவாசிக் குறியீடு 376 (2001-ல் 100), அடக்க விலை 30.08 லட்சம் ஆகும். லாபம் 9.92 லட்சம், வரி 1,98,400. இன்டெக்சேஷன் இல்லாமல் போட்டால் லாபம் 32 லட்சம், வரி 4 லட்சம். (வரி மேல் போடும் செஸ் 4% தனி.)

எப்பவும் 20% தான் லாபம்னு நினைக்காதீங்க. விற்பனை விலை 2001 மதிப்பைப் போல சுமார் 8.36 மடங்கைத் தாண்டினால் 12.5% தான் மலிவு. உங்களுக்கு 5 மடங்குதான்.

பதில் 2:
டிடிஎஸ்ஸையும் (வாங்குபவர் விலையிலிருந்து முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) சேர்த்துப் பாருங்க. அப்பா விற்றால் 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் பிடித்தமே இல்லை. அக்கா பங்கை அக்கா விற்றால் அந்த வரம்பு கிடையாது. குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் கையில் இல்லைன்னா வாங்குபவர் பெரும்பாலும் முழு 20 லட்சத்துக்கும் செஸ்ஸோடு 13%, அதாவது 2.6 லட்சம் பிடித்துவிடுவார். அப்புறம் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கணும்.

செட்டில்மென்ட் செலவு வேற: முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000; பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000. விற்கப்போகும் மனைக்கு இது தண்டம்.

கேட்டவர்:
நன்றிங்க. 2001 மதிப்பை எப்படி நிரூபிப்பது? அக்காவுக்குப் பணம் எப்படி அனுப்புவது?

பதில் 1:
சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு 2001-ல் இருந்த வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த மதிப்பு) எழுத்தில் வாங்குங்க. மதிப்பீட்டாளர் அறிக்கை அதைத் தாண்டினால் செல்லாது. பலர் மாட்டுவது இங்கேதான். இன்னொன்று, இன்றைய வழிகாட்டி மதிப்பு கிரயத் தொகையை விட 10%-க்கு மேல் அதிகம்னா, லாபத்தை அந்த மதிப்பை வைத்துத்தான் கணக்கிடுவாங்க. அட்வான்ஸ் வாங்கும் முன்னாடியே பாருங்க.

பதில் 2:
மகளுக்கு அப்பா தரும் பணத்துக்கு இங்கே வரி இல்லை. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மேற்பட்ட தொகைக்கு வங்கி 20% டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி) பிடிக்கும். மார்ச் 31-க்கு முன்னாடி 10 லட்சம், ஏப்ரலில் 10 லட்சம் அனுப்புங்க, பிடித்தம் வராது. வங்கியில் கிரயப் பத்திர நகலும் அப்பாவின் பான் கார்டும் கேட்பாங்க.