யாங்கோன் பழைய அரசு அலுவலகம்: சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை, பெண்கள் குழுவுக்கு வேலை வரிசை

தளப்பொறுப்பு_யாங்கோன் கேட்டது:

வணக்கம். யாங்கோன் (ரங்கூன்) நகர நடுவில் ஆங்கிலேயர் காலத்து இரண்டு மாடி அரசு அலுவலகம். 450 மி.மீ. செங்கல் சுவர், சுண்ணாம்பும் சுர்க்கியும் (இடித்த செங்கல் தூள்) கலந்த பழைய சாந்து. மாடித்தளம் இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு. கூரை தேக்கு. பிற்காலத்தில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். இப்போது அந்தப் பூச்சுக்கு மேலே உப்பு பூத்து, செங்கல் முகம் பொரிந்து உதிர்கிறது. ஒரு மூலையில் ஆலங்கன்று. 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு படிக்கட்டுக் கூடத்தில் 3 மி.மீ. விரிசல்.

கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், தளப்பொறுப்பு மூவரும் பெண்கள். சித்தாள் வேலைக்கு வரும் பெண்களையே பழக்கி, செங்கல்களுக்கு நடுவே உள்ள சந்துகளைப் புதுச் சாந்தால் அடைக்கும் வேலையைக் கொடுக்கலாம் என்று திட்டம். ஒப்பந்தக்காரர் தரப்பில், "சுண்ணாம்பு இந்த மழைக்கு நிற்காது, 1:6 சிமெண்ட் (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) போதும்" என்கிறார்கள். 300 சதுர மீட்டர் வெளிச்சுவர். எதை முதலில் தொடுவது? என்ன கலவை, எவ்வளவு? கடுக்காய், வெல்லம் சேர்க்க வேண்டுமா?

காரைக்கை எழுதியது:

சுவரைத் தொடும் முன் கூரையைப் பாருங்கள் அக்கா. யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள். ஒரு வார்ப்பிரும்புக் குழாய் அடைத்திருந்தால் போதும், அதன் பின்னால் உள்ள சுவர் ஆண்டு முழுக்க ஊறிக்கிடக்கும். முதல் பெருமழையில் குடையோடு நின்று எந்தக் குழாய் வழிகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். அடுத்தது தரைமட்டம். வெளியே நடைபாதை போட்டுப் போட்டு மண் உயர்ந்து, சுவரடியில் இருந்த காற்றுத் துவாரங்களை மூடியிருக்கும். அவை திறக்கும் வரை வெட்டி இறக்குங்கள். இந்த இரண்டும் முடியாமல் காரை வேலை தொடங்கினால் பணம் வீண்.

ஈரத்தை ஊசி மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் உப்பு இருந்தால் அது காய்ந்த இடத்தையும் ஈரம் என்றே காட்டும். துளையிட்டு எடுத்த தூளை எடை போட்டு, 105 டிகிரியில் உலர்த்தி, மறுபடி எடை போடுவதே நம்பகமானது.

சிமெண்ட் ஏன் கெடுக்கிறது என்று ஒப்பந்தக்காரருக்குச் சுவரையே காட்டுங்கள். உள்ளே ஏறிய ஈரம் பூச்சு வழியே வெளியேற முடியாமல், பூச்சு முடியும் விளிம்புக்கு ஏறிப்போய் அங்கே ஆவியாகிறது. உப்பு செங்கல் முகத்துக்குள் படிகமாகி முகத்தைத் தள்ளிவிடுகிறது. சந்திலும் சிமெண்ட் வைத்தால் செங்கல்லைவிடச் சந்து கடினமாகிவிடும், தேய வேண்டிய சாந்து நிற்கும், செங்கல் போகும்.

பூச்சை உளி, சுத்தியல் கொண்டு கையாலேயே எடுக்க வேண்டும். இயந்திர உடைப்பான் வேண்டாம். முதலில் ஒரு சதுர மீட்டர் சோதனை. சிமெண்டோடு செங்கல் முகமும் பிய்ந்து வரும் இடங்களில் பூச்சை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

இனி கலவை. சுவருக்குள் 100 மி.மீ. ஆழத்திலிருந்து பழைய சாந்தில் ஒரு கட்டி எடுத்து, எடை போட்டு, 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையுங்கள். கரையாமல் நிற்பது மணலும் சுர்க்கியும். கழுவி, உலர்த்தி, சல்லடையில் பிரித்தால் பழைய மணலின் அளவு தெரியும். அதை ஒத்த மணலைத் தேடுங்கள். யாங்கோன் ஆற்றில் கடல் ஏற்றம் வரும், அந்தப் பகுதி மணலில் உப்பு இருக்கலாம். மணலைக் காய்ச்சி வடித்த நீரில் குலுக்கித் தெளியவைத்து, அந்த நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெண்மையாகத் திரிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

விகிதத்தை மணலே சொல்லும். நன்கு காய்ந்த மணலை ஒரு லிட்டர் அளந்து, மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் 330 மி.லி. பிடிக்கும். மணலுக்கு நடுவே உள்ள அந்த வெற்றிடத்தைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும், அதனால்தான் 1:3. 400 மி.லி. பிடித்தால் மணல் ஒரே பருமன் என்று பொருள், வேறு மணலோடு கலந்து பாருங்கள். வெளிச்சுவருக்கு 1 சுண்ணாம்பு விழுது (தண்ணீரில் நீற்றி ஊறவைத்த குழைவு), 1 சுர்க்கி, 2 மணல். சுர்க்கியும் மணலும் சேர்ந்துதான் அந்த மூன்று பங்கு. சுர்க்கி கொஞ்சம் வெந்த செங்கல்லில் இடித்ததாக இருக்க வேண்டும். கருகிய செங்கல் தூள் நிறம் தரும், பிடிப்புத் தராது. மாவு போன்ற நுண்தூள்தான் சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். மழைக்கு நிற்காது என்ற பேச்சுக்குப் பதில் இந்தத் தூளில் இருக்கிறது.

அளவு: 10 மி.மீ. அகலச் சந்தை 25 மி.மீ. ஆழம் சுரண்டினால் ஒரு சதுர மீட்டருக்கு நாலேகால் லிட்டர் சாந்து போகும். சிந்துவதையும் சேர்த்து 6 லிட்டர் என்று வையுங்கள். 300 சதுர மீட்டருக்கு 1,800 லிட்டர் சாந்து. விழுது வெற்றிடத்துக்குள் போய்விடுவதால் சாந்தின் அளவைக் கூட்டாது, ஆகவே அதில் மூன்றில் ஒரு பங்கு, 600 லிட்டர் விழுது. நல்ல கல் சுண்ணாம்பு ஒரு கிலோ இரண்டு லிட்டருக்குக் குறையாமல் விழுது தரும். ஆக 300 கிலோ, கழிவுக்குச் சேர்த்து 350 கிலோ வாங்குங்கள். கடையில் மூட்டையில் நெடுநாள் கிடந்த பொடிச் சுண்ணாம்பு வேண்டாம், அது காற்றுப் பட்டுச் செத்திருக்கும்.

நீற்றிய விழுது தண்ணீருக்கு அடியில் குறைந்தது மூன்று மாதம் ஊற வேண்டும். நவம்பரில் சந்து அடைக்க வேண்டுமானால் ஜூலையிலேயே நீற்றிவிடுங்கள். தொட்டியில் தண்ணீரை வைத்து அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். முகத்தில் தனகா (பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைக் குழம்பு) பூசியிருப்பது சுண்ணாம்புக்குக் காப்பு ஆகாது. கண்ணில் பட்டால் உடனே சுத்தத் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கடுக்காய், வெல்லம் செட்டிநாட்டுப் பூச்சில் அழகாக நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சுவரின் பழைய சாந்து சுர்க்கிச் சாந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் இல்லாததை நாம் ஏன் சேர்க்க வேண்டும்? வெல்லம் கூடினால் இறுகுவது தள்ளிப்போகும், யாங்கோன் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

உத்தரமும்_தேக்கும் எழுதியது:

மழைக்காலம் முழுக்க உள்வேலை செய்யலாம், வேலை நிற்காது. செங்கல் வளைவுத் தளத்தில் உத்தரத்தின் அடிப்பட்டையைப் பாருங்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், வளைவின் ஓரச் செங்கல்லை நெம்பும். கம்பித் தூரிகையால் துரு நீக்கி, பட்டையின் மிஞ்சிய தடிப்பைக் காலிப்பரில் பல இடங்களில் அளந்து பொறியாளரிடம் கொடுங்கள். அதன் பிறகே பெயின்ட். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். கருவுற்றிருப்பவர், பால் கொடுப்பவர் அந்த அறைக்குள்ளேயே போகக் கூடாது. உங்கள் குழுவுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தேக்கு உத்தரம் நடுவில் கெடாது, சுவருக்குள் நுழையும் முனையில்தான் கெடும். ஊசி ஆணியால் குத்திப் பாருங்கள். கெட்ட முனையை வெட்டிப் புதுத் தேக்கு வைரத்தை (உள்ளே இருக்கும் முதிர்ந்த மரம்) சாய்வு இணைப்பில் சேர்க்கலாம், இணைப்பின் நீளம் மரத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல். வெளிர்மரம் (பட்டையை ஒட்டிய இளமரம்) கலந்த துண்டை வாங்காதீர்கள், கறையான் அதைத்தான் தேடும். முனையைச் சுற்றி 25 மி.மீ. காற்று இடைவெளி விடுங்கள், சாந்தால் அடைத்துவிடாதீர்கள்.

விரிசலை உடனே அடைக்க வேண்டாம். விரிசலின் குறுக்கே அளவுகோல் பதித்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு வைத்து ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அளவு எடுங்கள். நகராமல் இருந்தால் 6 மி.மீ. துருப்பிடிக்காத முறுக்குக் கம்பி, விரிசலின் இருபுறமும் 500 மி.மீ. நீளம், உயரத்தில் 450 மி.மீ.க்கு ஒன்று, படுக்கைச் சந்துக்குள் (கிடைமட்டச் சந்து) வைக்கலாம். நகர்ந்துகொண்டிருந்தால் அடித்தளத்தைப் பார்க்காமல் தைக்கவே கூடாது. 1930 மே நிலநடுக்கத்தில் யாங்கோனின் ஆங்கிலேயர் காலத்துச் செயலகக் கட்டடத்தின் கோபுரப் பகுதிகளே சேதமடைந்தன. இந்த ஊரில் உயரத்தில் நிற்கும் கைப்பிடிச் சுவர், அலங்கார முகப்பு எல்லாவற்றையும் கூரையோடு இழுத்துக் கட்டுவது விரிசலைவிட அவசரம்.

ஆலங்கன்றைப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, அந்த நிமிடமே வெட்டுவாயில் கிளைபோசேட் களைக்கொல்லி தடவி, வேர் செத்து உலர்ந்த பிறகு எடுங்கள்.

சாரத்தில்_பெண்கள் எழுதியது:

சிமெண்டா சுண்ணாம்பா என்ற வாதத்தைத் தளத்தில் நடத்தாதீர்கள், ஒப்பந்தத்தில் முடியுங்கள். பழைய செங்கல் வேலையில் சிமெண்ட் கிடையாது என்று அளவுப் பட்டியலிலேயே ஒரு வரி. ஒரு சதுர மீட்டர் மாதிரிச் சுவர், அதைக் கட்டடக் கலைஞர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட பிறகே மற்ற இடம். அந்த மாதிரி வேலை முடியும் வரை நிற்கட்டும். சுரண்டிய சந்தைத் தளப்பொறுப்பு பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அடைத்தால் அந்தப் பகுதிக்குப் பணம் இல்லை. ஆழம் பார்க்க 25 மி.மீ. வெட்டிய குச்சி ஒன்று போதும்.

குழைக்கும் இடத்தில் மண்வெட்டி அளவு கூடாது, மரப்பெட்டி அளவு. ஒவ்வொரு குழையலுக்கும் தேதி, பெட்டி எண்ணிக்கை, குழைத்தவர் கையெழுத்து. காலங்காலமாகக் கலவை பெண்கள் கையில்தான், அந்தக் கையெழுத்தே அவர்களைத் தரப் பொறுப்பாளர் ஆக்குகிறது. சந்து வேலைக்குச் சதுர மீட்டர் கணக்கில் கூலி வையுங்கள், ஆண் பெண் ஒரே விலை. நாள்கூலி என்றால் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் தானாக உள்ளே வந்துவிடும். பழகும் காலத்தில் மட்டும் நாள்கூலி கொடுங்கள், அப்போது ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்கு மேல் கேட்காதீர்கள். வேகத்துக்கு விரட்டினால் ஆழம் குறையும்.

சாரத்தில் லொங்ஜி (பர்மிய லுங்கி) வேண்டாம், கால்சட்டை. வாளியில் பாதிச் சாந்து, கப்பி வைத்து ஏற்றுங்கள். பூட்டுள்ள தனிக் கழிப்பறை முதல் நாளே இருக்க வேண்டும். இது இல்லாமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், ஏப்ரல் வெயிலில் சாரத்தில் மயக்கம் வரும்.

தலைமை பெண்கள் என்பதற்கு அலுவலகத்தில் யாராவது முகம் சுளித்தால், யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளையின் இயக்குநராக இருந்தவர் டோ மோ மோ லுவின், கட்டடக் கலைஞர், என்று சொல்லுங்கள்.

தளப்பொறுப்பு_யாங்கோன்:

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும்: அடைத்த சந்து முடியிழை போல் விரிசல் விட்டால் காரணம் என்ன?

காரைக்கை:

தண்ணீர் கூடியிருக்கும், அல்லது சுவரை நனைக்காமல் வைத்திருப்பார்கள். முதல் நாள் மாலையும் வைக்கும் முன்பும் சுவரை நனையுங்கள், தண்ணீர் வழியாமல் ஈரம் மட்டும் நிற்கட்டும். சாந்து கரண்டியில் கவிழ்த்தாலும் விழாத பதம். ஒரே மூச்சில் 25 மி.மீ. நிரப்பாமல் இரண்டு அடுக்காக அழுத்துங்கள். நகம் கீறும், விரல் அமுங்காது என்ற பதம் வந்ததும் கடினத் தூரிகையால் தட்டுங்கள், சிறு விரிசல் அப்போதே மூடிக்கொள்ளும். பிறகு ஈரச் சாக்குத் திரை, சுவரைத் தொடாமல், குறைந்தது ஒரு வாரம். மார்ச்சுக்கு மேல் மேற்குச் சுவர் என்றால் இரண்டு வாரம், காலையும் மாலையும் தெளிக்க வேண்டும்.